‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ ஒலிக்குக் கிதாரை சி ஷார்ப்புக்கு இறக்குவது எப்படி?

பிளாக் சாபத் என்ற ஹெவி மெட்டல் இசைக்குழுவின் மூன்றாவது ஆல்பமான ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ 1971இல் வந்தது. அதிலுள்ள ‘சில்ட்ரன் ஆஃப் தி கிரேவ்’, ‘லார்ட் ஆஃப் திஸ் வேர்ல்ட்’, ‘இன்டு தி வாய்ட்’ ஆகிய மூன்றையும் வழக்கமான இ டியூனிங்கில் வாசித்தால் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிதார் வரி) சரியாக வரும், கனம் மட்டும் வராது. குழுவின் கிதார் கலைஞர் டோனி ஐயோமி அந்தப் பாடல்களுக்குக் கிதாரை மூன்று செமிடோன் (மூன்று ஃப்ரெட் அளவு) இறக்கியிருந்தார். கீஸர் பட்லரின் பேஸும் கூடவே இறங்கியது.

காரணம் தெரிந்தால் செட்டப் எளிதாகும். ஐயோமி பதினேழு வயதில், ஷீட் மெட்டல் ஆலையில் நடந்த விபத்தில் வலது கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகளை இழந்தார். அவர் இடது கைக்காரர். ஆகவே கம்பியை அழுத்துவது வலது கைதான். பிளாஸ்டிக்கை உருக்கித் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டி வாசித்தார். வலியைக் குறைக்க முதலில் மெல்லிய கம்பிகளுக்கு மாறினார், பிறகு சுருதியையும் இறக்கினார். ஆகவே இந்த ஆல்பத்தின் கனத்துக்கு அடிப்படை தளர்ந்த கம்பி. கனமான ஒலி என்றதும் கடையில் கிடைக்கும் மிகத் தடித்த செட்டைத் தேடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கம்பியின் இழுவிசை, அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். மூன்று செமிடோன் இறக்கினால் அதே கம்பியில் சுமார் 71 சதவீத இழுவிசைதான் மிஞ்சும். 10–46 செட்டின் (மெல்லிய, தடித்த கம்பிகளின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) பழைய இறுக்கம் அப்படியே வேண்டுமானால் கிட்டத்தட்ட 12–54 தேவை. ஆனால் அவ்வளவு இறுக்கிவிட்டால் இந்த ஆல்பத்தின் தளர்வு போய்விடும். 11–52 செட்டைப் பரிந்துரைக்கிறோம்: ரிஃப் அடிக்கும்போது தடித்த ஆறாவது கம்பி தொளதொளக்காது, மெல்லிய கம்பிகள் பெண்டுக்கு (அழுத்தியபடி கம்பியைத் தள்ளிச் சுருதி ஏற்றுவதற்கு) வளைந்து கொடுக்கும். மென்மையாகப் பிக் செய்பவர் 10 செட்டிலேயே நிற்கலாம். 12 செட் எடுப்பதானால் உறையைப் பாருங்கள். சிலவற்றில் மூன்றாவது கம்பி சுற்றுக்கம்பியாக வரும், அதைப் பெண்ட் செய்வது பெரும்பாடு.

சுருதி, ஆறாவது கம்பியிலிருந்து முதல் கம்பி வரை: சி ஷார்ப், எஃப் ஷார்ப், பி, இ, ஜி ஷார்ப், சி ஷார்ப். ஆறாவது கம்பி 69.3 ஹெர்ட்ஸ். எல்லாக் கம்பியையும் மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்தினால் பழைய சுருதி கேட்க வேண்டும். ஒவ்வொன்றையும் இலக்குக்குக் கீழே கொண்டுபோய், அங்கிருந்து மேலே ஏற்றி நிறுத்துங்கள். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் நட்டிலும் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் தங்கும் பள்ளக்கட்டை) டியூனர் பல்சக்கரத்திலும் தங்கிய தளர்வு நாலு ஸ்ட்ரோக்கில் வெளியே வந்து சுருதி இறங்கிவிடும்.

சில கிளிப் டியூனர்கள் 69 ஹெர்ட்ஸில் தடுமாறும். அப்போது கேபிளில் இணைக்கும் டியூனரை எடுங்கள். நெக் பிக்கப்புக்கு மாறி, டோன் நாபை முழுக்கக் குறைத்து, கட்டைவிரலால் பன்னிரண்டாவது ஃப்ரெட் அருகே மீட்டினால் முள் நிலையாக நிற்கும். தளர்ந்த கம்பியை ஓங்கி அடித்தால் முதல் நொடியில் சுருதி ஏறி, பிறகு அமரும். எவ்வளவு பலமாக வாசிப்பீர்களோ அதே பலத்தில் மீட்டிப் பாருங்கள்.

மிதக்கும் ட்ரெமோலோ பிரிட்ஜ் என்றால் வேலை கூடும். கம்பி தளர்ந்ததும் பின்புற ஸ்பிரிங்குகள் பிரிட்ஜை உடலுக்குள் இழுக்கும், ஆக்‌ஷன் (ஃப்ரெட்டுக்கு மேல் கம்பியின் உயரம்) விழும், எல்லாம் இரையும். ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் இரண்டு திருகுகளையும் அரைச் சுற்று தளர்த்தி, மறுபடி டியூன் செய்து, பிரிட்ஜ் மட்டமாகும்வரை தொடருங்கள். நிலையான பிரிட்ஜ் உள்ள கிதார் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நெக். முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பியையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு, ஆறாவது கம்பியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்துங்கள். எட்டாவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் இடையே 0.25 மில்லிமீட்டர் அளவு இடைவெளி வேண்டும். மெல்லிய கம்பியோடு இறக்கினால் இழுவிசை குறைந்து நெக் பின்னால் சாயும். முதல் நாலைந்து ஃப்ரெட்டில் மட்டும் இரைச்சல் வருவது இதன் அடையாளம். ட்ரஸ் ராடை (நெக்கின் உள்ளே ஓடும் உலோகத் தண்டு) இடப்புறம் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்ப வேண்டாம். திருப்பி, டியூன் செய்து, மறுநாள் அளந்து பாருங்கள். பிறகு ஆக்‌ஷன்: பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தடித்த பக்கம் 2 மில்லிமீட்டர், மெல்லிய பக்கம் 1.6.

டியூன் செய்யும்போது ‘டிங்’ என்று சத்தம் வந்து சுருதி தாவினால் தடித்த கம்பி நட்டின் பள்ளத்தில் சிக்குகிறது என்று பொருள். பென்சில் தூளைத் தடவிப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் தெரிந்த டெக்னீஷியனிடம் கொடுப்பது நல்லது. பள்ளத்தை அதிகம் அராவிவிட்டால் நட்டையே மாற்ற வேண்டியிருக்கும்.

இன்டனேஷன் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக வரச் செய்வது) கடைசியில்தான், புதுக் கம்பியில்தான். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஹார்மானிக்கையும் அழுத்திய சுரத்தையும் ஒப்பிடுங்கள். அழுத்தியது ஏறியிருந்தால் சாடிலை (பிரிட்ஜில் கம்பி உட்காரும் துண்டு) பின்னால் தள்ளுங்கள். இறங்கியிருந்தால் முன்னால். ஆறாவது கம்பியின் சாடில் கிட்டத்தட்டக் கடைசிவரை போகும், கவலை வேண்டாம். அதற்குப் பிறகும் பவர் கார்டு (இரண்டு சுரம் சேர்ந்த கார்டு) சுருதி சேராமல் புளித்தால் சாடிலை விட்டுவிட்டு இடது கையைக் கவனியுங்கள். தளர்ந்த கம்பியை இறுக்கி அழுத்தினால் சுருதி ஏறும். ஃப்ரெட்டைத் தொடும் அளவு அழுத்தம் போதும்.

ஐயோமியிடம் இருந்தவை கிப்ஸன் எஸ்ஜி, லேனி ஆம்ப், இரண்டுக்கும் நடுவே டல்லாஸ் ரேஞ்ச்மாஸ்டர் ட்ரெபிள் பூஸ்டர். அந்தப் பூஸ்டர்தான் சூட்சுமம்: கீழ் ஒலிகளை விட மேல் ஒலிகளை அதிகம் தூக்கி ஆம்புக்குள் அனுப்புவதால், சி ஷார்ப் சேறாகாமல் கரகரவென்று தெளிவாக வரும். பூஸ்டர் இல்லையென்றால் ஓவர்டிரைவ் பெடலில் டிரைவை ஏறக்குறைய பூஜ்யத்துக்குக் கொண்டுபோய், லெவலை ஏற்றி ஆம்புக்கு முன்னால் வையுங்கள். ஆம்பில் பேஸ் 3, மிட் 7, ட்ரெபிள் 6, கெயின் 5 என்று தொடங்கலாம். பேஸையும் கெயினையும் முறுக்கிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. தனியாக வாசிக்கையில் அது பிரம்மாண்டமாகத் தோன்றும். பேஸ் கிதாரும் டிரம்ஸும் சேர்ந்ததும் உங்கள் ரிஃப் காணாமல் போகும்.

இதே செட்டப்பில் இன்னொரு செமிடோன் இறக்கினால் சி. கையஸ் இசைக்குழுவின் 1992 ஆல்பமான ‘ப்ளூஸ் ஃபார் த ரெட் சன்’ அங்கே இருக்கிறது. 11–52 அதுவரை தாங்கும். ஸ்டாக்ஹோம் சன்லைட் ஸ்டூடியோவில் பதிவாகி 1990இல் வந்த, என்டூம்ப்ட் இசைக்குழுவின் ‘லெஃப்ட் ஹேண்ட் பாத்’ ஒலிக்கு, அதாவது பி டியூனிங்குக்கு, இந்தச் செட் போதாது. அங்கே 13–60 அளவில் கம்பி மாற்றி, நட்டை அராவி, நெக்கிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.