கனடாவில் முதல் ரைபிள்: எதை வாங்குவது, நல்ல மலிவான ரைபிள் ஏன் கிடைப்பதில்லை

ரொறன்ரோவின் ஸ்காபரோவிலோ அதன் அருகே மார்க்கம் நகரிலோ குடியேறிய ஓரிரு ஆண்டுகளில், வேலையிடத்து நண்பர் ஒருவர் நவம்பர் மாத மான் வேட்டைக்கோ, ஊருக்கு வெளியே உள்ள சூட்டுத் திடலுக்கோ நம்மவரை அழைப்பது இப்போது அரிதான செய்தியல்ல. துவக்கு என்றாலே சோதனைச் சாவடியும் சீருடையும் நினைவுக்கு வரும் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு அந்த அழைப்பு தயக்கத்தைத் தருவது இயல்பு. ஆனால் கனடாவில் ரைபிள் என்பது விவசாயியும் வேட்டைக்காரரும் விளையாட்டு வீரரும் வைத்திருக்கும் சட்டபூர்வமான ஒரு கருவி. அனுமதிப்பத்திரம் பெற்றவர்கள் இங்கு இருபத்திரண்டு இலட்சத்துக்கும் அதிகமாக உள்ளனர். ஆர்வம் உள்ளவர்கள் முறையாக எப்படித் தொடங்குவது, முதல் ரைபிளாக எதைத் தேர்வது, அனுபவமுள்ள கனடியர்கள் கேட்டுக்கொண்டே இருக்கும் மலிவான, பயன்பாட்டுக்கு உகந்த ரைபிள்கள் கடைகளுக்கு ஏன் வருவதில்லை என்பவற்றை இங்கே விளக்குகிறேன்.

முதலில் அனுமதிப்பத்திரம்

துப்பாக்கி மட்டுமல்ல, ரவை (தோட்டா) வாங்குவதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். இதனை வழங்குவது ஆர்.சி.எம்.பி. எனும் கூட்டாட்சிப் பொலிஸின் கனடியத் துப்பாக்கித் திட்டம். குடியுரிமை பெற்றிருக்க வேண்டும் என்ற விதி இல்லை. நிரந்தர வதிவாளர்களும் விண்ணப்பிக்கலாம். கனடியத் துப்பாக்கிப் பாதுகாப்புப் பாடநெறியை வகுப்பில் அமர்ந்து முடித்து, எழுத்துத் தேர்விலும் செய்முறைத் தேர்விலும் 80 சதவீதம் பெற வேண்டும். விண்ணப்பத்தில் உங்களை மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் அறிந்த இருவரைச் சான்றாளராகக் குறிப்பிட வேண்டும் என்பது, நேற்று வந்திறங்கியவருக்குச் சற்றுச் சிரமமான நிபந்தனை. கனடாவில் வாழ்ந்த காலம் குறைவு என்றால், முன்னர் வாழ்ந்த நாட்டின் பொலிஸ் நற்சான்றிதழும் கேட்கப்படலாம். கொழும்பிலிருந்து அதனை வரவழைக்க நாட்கள் பிடிக்கும் என்பதால் முன்கூட்டியே தொடங்குவது நல்லது. முதன்முறை விண்ணப்பிப்போருக்கு 28 நாள் கட்டாயக் காத்திருப்பும் உண்டு.

வாழ்க்கைத் துணையின் கையொப்பத்துக்கும் படிவத்தில் இடம் உண்டு. அவர் கையொப்பமிடாவிட்டால், விண்ணப்பம் பற்றி அவருக்கு அறிவிக்கப்படும். படிவத்தை நிரப்புவதற்கு முன்பே வீட்டில் மனம்விட்டுப் பேசிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. போரின் நினைவுகள் இன்னும் உறக்கத்தைக் கெடுக்கும் வீடுகள் நம்மிடையே பல உள்ளன. அத்தகைய வீட்டில் ஒருவருக்கு விருப்பமில்லை என்றால், திடலிலேயே நண்பரின் ரைபிளால் சுட்டு மகிழ்வதுடன் நிறுத்திக்கொள்ளலாம். அனுமதிப்பத்திரம் உள்ள ஒருவர் அருகிலிருந்து நேரடியாகக் கண்காணித்தால், அனுமதிப்பத்திரம் இல்லாதவரும் சுடலாம் என்று சட்டம் இடமளிக்கிறது. இந்த ஆர்வம் நமக்குப் பொருந்துமா என்று அறிவதற்கும் அதுவே சிறந்த வழி.

குடியுரிமை பெறாதவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. அனுமதிப்பத்திரம் இல்லை என்று தெரிந்துகொண்டே துப்பாக்கி வைத்திருப்பது பத்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். அவ்வாறான குற்றத்தீர்ப்பு ஒன்று நிரந்தர வதிவுரிமையையே பறித்துவிடக்கூடும்.

சட்டம் செதுக்கிய ரைபிள்

கனடியர்கள் எத்தகைய ரைபிளை விரும்புகிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ள, சட்டம் எதை விட்டுவைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். துப்பாக்கிகள் இங்கே கட்டுப்பாடற்றவை, கட்டுப்படுத்தப்பட்டவை, தடைசெய்யப்பட்டவை என மூன்று வகைப்படும். வேட்டைக்குக் கொண்டு செல்ல விரும்புபவருக்கு முதல் வகையே பயன்படும். நடுப்பற்றல் ரவையை (அடிப்பகுதியின் நடுவில் தட்டப்பட்டு வெடிக்கும் ரவை) பயன்படுத்தும் அரைத்தானியங்கி ரைபிளின் (சுட்டதும் அடுத்த ரவையைத் தானே ஏற்றுவது) குழல் 470 மில்லிமீற்றருக்குக் குறைந்தால், அது கட்டுப்படுத்தப்பட்ட வகைக்குள் சென்றுவிடும். அமெரிக்கச் சட்டத்துக்கு 406 மில்லிமீற்றர் போதும். ஆகவே அங்கே செய்யப்படும் பல மாதிரிகள் இங்கு அப்படியே பொருந்துவதில்லை. கனடாவுக்கென்று நீண்ட குழலுடன் தனியாகச் செய்தால் விலை ஏறுகிறது.

2020 ஏப்ரலில் நோவா ஸ்கோஷியாவில் 22 பேர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, அந்த ஆண்டு மே 1 அன்று சுமார் 1,500 மாதிரிகள் அமைச்சரவை ஆணையால் தடைசெய்யப்பட்டன. பண்ணைகளில் பரவலாகப் புழங்கிய ரூகர் மினி-14 அவற்றுள் ஒன்று. 2024 டிசம்பரில் மேலும் 324 மாதிரிகளும், 2025 மார்ச்சில் மேலும் 179 மாதிரிகளும் அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. இடையில், 2023 டிசம்பர் 15 அன்று அரச ஒப்புதல் பெற்ற சி-21 சட்டம், அந்த நாளுக்குப் பின் வடிவமைத்து உற்பத்தி செய்யப்படும், ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட ரவை கொள்ளும் கழற்றத்தக்க மகசினுக்கென (ரவைக் கூட்டுக்கென) வடிவமைக்கப்பட்ட, நடுப்பற்றல் அரைத்தானியங்கி நீள்துப்பாக்கிகளைத் தடைசெய்த வகைக்குள் சேர்த்தது.

இந்தத் தடைகள் சரியா தவறா என்பதில் நாடே இரண்டாகப் பிரிந்திருக்கிறது. நம் சமூகத்திலும் இரு தரப்பினரும் இருக்கிறார்கள். ஆனால் வாங்குபவருக்கு இதன் விளைவு தெளிவானது. ஒவ்வொரு முறை சுட்ட பின்னும் கையால் இயக்கி அடுத்த ரவையை ஏற்றும் போல்ட், லீவர், பம்ப் வகை ரைபிள்களே நாளையும் நிலைத்திருக்கும் என்று நம்பத்தக்கவை. எஸ்.கே.எஸ். எனும் சோவியத் காலத்து அரைத்தானியங்கி ரைபிள் ஒரு காலத்தில் 200 டொலருக்கும் குறைவாகக் கிடைத்ததனால், வடக்கில் உணவுக்காக வேட்டையாடும் முதற்குடி மக்கள் உட்படப் பலருக்கும் அது ஏழையின் ரைபிளாக இருந்தது. 2025 மார்ச் பட்டியலிலும் அது சேர்க்கப்படவில்லை; எனினும் அதன் எதிர்காலம் பற்றிய பேச்சு ஓயவில்லை. மலிவு என்று சொல்லி யாராவது காட்டினாலும், புதியவர் தம் முதல் பணத்தை அதில் போடுவதை நான் ஆதரிக்கமாட்டேன்.

இங்குள்ளோர் கேட்பவை

எஸ்.கே.எஸ். நிரப்பிய இடத்தை நிரப்பப் போவது எது என்பதே இன்று திடல்களில் அதிகம் பேசப்படுவது. பெரும்பாலோர் கேட்பது ஒரே மாதிரியான ஒன்றைத்தான்: 7.62×39 அல்லது .223 போன்ற விலை குறைந்த ரவை, கையால் இயங்கும் பொறி, கழற்றத்தக்க மகசின், இரும்புக் குறிகாட்டி (குழலின் மேலுள்ள, கண்ணாடி இல்லாத குறிபார்க்கும் பாகம்), ஆயிரம் டொலருக்குள் விலை. செக் நாட்டு சி.இசட். 527 என்ற சிறிய போல்ட் ரைபிள் இந்தத் தேவைக்கு மிக அருகில் வந்தது; அதன் உற்பத்தி நின்றுவிட்டது. ரூகர் அமெரிக்கன் ராஞ்ச் இப்போது அந்த இடத்தில் நிற்கிறது. நல்ல ரைபிள், ஆனால் பெட்டியைத் திறந்தால் அதில் இரும்புக் குறிகாட்டி இருக்காது. மலிவு விலைப் போல்ட் ரைபிள்கள் அனைத்திலும் ஏறக்குறைய இதே நிலைதான். ஸ்கோப் எனும் குறிபார்க்கும் தொலைநோக்கியைத் தனியாக வாங்க வேண்டும். பனியில் விழுந்து கண்ணாடி மங்கினால் குறிபார்க்க வேறு வழி இல்லை. இருபது டொலர் பெறுமதியான ஒரு இரும்புத் துண்டை உற்பத்தியாளர்கள் ஏன் விட்டுவிடுகிறார்கள் என்ற மனக்குறை நியாயமானது என்றே நினைக்கிறேன்.

மகசின் விடயத்தில் புதியவர்கள் அடிக்கடி குழம்புவது ஒன்று உண்டு. நடுப்பற்றல் அரைத்தானியங்கி ரைபிளுக்கென வடிவமைக்கப்பட்ட மகசினில் ஐந்து ரவைக்கு மேல் இருக்கக்கூடாது. போல்ட் ரைபிளுக்கென வடிவமைக்கப்பட்ட மகசினுக்கு அந்த வரம்பு இல்லை. ஆனால் வரம்பு மகசினைத் தொடர்ந்தே செல்கிறது. அரைத்தானியங்கியின் மகசினைப் போல்ட் ரைபிளில் பொருத்தினாலும் ஐந்து என்பது ஐந்துதான். அதனால்தான் கையால் இயக்கும் ரைபிளுக்கென்றே தொடக்கத்திலிருந்து வடிவமைக்கப்பட்ட, உறுதியான, மலிவான பத்து ரவை மகசின் வேண்டும் என்று பலர் கேட்கின்றனர்.

அடுத்த விருப்பம் நேராக இழுக்கும் போல்ட். சாதாரண போல்ட்டை மேலே தூக்கி, பின்னே இழுத்து, முன்னே தள்ளி, கீழே இறக்க வேண்டும்; இதில் பின்னே இழுத்து முன்னே தள்ளினால் போதும். ஜெர்மனியின் பிளேசர் ஆர்8 இதைச் சிறப்பாகச் செய்கிறது, ஆனால் அதன் விலைக்கு ஒரு பழைய கார் வாங்கலாம். 2021இல் சவேஜ் இம்பல்ஸும் பெரெட்டா பி.ஆர்.எக்ஸ்.1உம் வந்து விலையைக் கீழே இறக்கின. அவையும் ஆயிரம் டொலரைத் தாண்டியே நிற்கின்றன. சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும் நேர்-இழுப்பு ரைபிள் ஒன்றைச் செய்பவருக்கு இங்கே சந்தை காத்திருக்கிறது.

மூன்றாவது, எனக்கும் மிக விருப்பமானது, ஏழைக்கும் எட்டும் ஒரு 'ரேஞ்சர்' ரைபிள். வட துருவப் பகுதிகளில் பணியாற்றும் கனடிய ரேஞ்சர்கள் எனும் சேமப் படையினர், பல தசாப்தங்கள் பயன்படுத்திய லீ-என்பீல்டு என்ற பிரித்தானியப் போல்ட் ரைபிளுக்குப் பதிலாகச் சி19 என்ற ரைபிளைப் பெற்றனர். பின்லாந்தின் சாக்கோ நிறுவனத்தின் டிக்கா வடிவத்தை, கிச்சனரில் உள்ள கோல்ட் கனடா உரிமம் பெற்றுச் செய்கிறது. தடித்த கையுறையுடன் பிடிக்கத்தக்க பெரிய போல்ட் கைப்பிடி, அகலமான விசைக் காப்பு, துருவேறாத குழல், இரும்புக் குறிகாட்டி, பத்து ரவை மகசின், சிவப்பு நிற ஒட்டுப்பலகைப் பிடங்கு (தோளில் ஊன்றும் மரப் பகுதி) என்று அனைத்தும் குளிரை எண்ணிச் செய்யப்பட்டவை. ஜனவரி மாதத்தில் கையுறையைக் கழற்றாமல் ஒரு சாதாரண ரைபிளின் விசைக் காப்புக்குள் விரலை நுழைக்க முயன்று பார்த்தவருக்கு இதன் அருமை தெரியும். டிக்கா ஆர்க்டிக் என்ற பெயரில் பொதுமக்களுக்கும் அது விற்கப்பட்டது, ஆனால் பெரும்பாலோருக்கு எட்டாத விலையில். அதே குணங்களை எளிய பொருட்களில் செய்து தரமுடியும். இதுவரை எவரும் செய்யவில்லை.

இந்த நாட்டுக்கு அது புதிய கலையும் அல்ல. மிசிசாகாவின் லேக்வியூவில், இரண்டாம் உலகப் போரின்போது லோங் பிராஞ்ச் தொழிற்சாலை சுமார் ஒன்பது இலட்சம் லீ-என்பீல்டுகளைச் செய்தது. அங்கே பணியாற்றியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அதன் சோதனைக் கட்டடம் இப்போது கலைக்கூடமாக நிற்கிறது. மொன்றியலுக்குப் போகும் வழியில் 401 நெடுஞ்சாலையில் நாம் கடந்து செல்லும் கோபர்க் நகரில் கூயி நிறுவனம் எளிய .22 ரைபிள்களைச் செய்தது. ஒரு தலைமுறைக் கனடியப் பிள்ளைகள் முதன்முதலில் சுடப் பழகியது அவற்றில்தான். 1961இல் அது கைமாறி, 1979இல் மூடப்பட்டது. ஆனால் கூயி 64 என்ற வடிவம், பீற்றர்பரோவுக்கு அருகில் லேக்பீல்டில் உள்ள தொழிற்சாலையில் சவேஜ் 64 என்ற பெயரில் தொடர்ந்து வாழ்ந்தது. மரப் பிடங்கும் குறைந்த பாகங்களும் கொண்ட, பிள்ளைகளின் கைக்கு அளவான கூயியை மீண்டும் செய்யுங்கள் என்ற குரலை முதியவர்களிடம் அடிக்கடி கேட்கலாம்.

ஏன் செய்வதில்லை என்றால், காரணங்கள் இரண்டு. அமெரிக்காவுடன் ஒப்பிட்டால் இங்குள்ள சந்தை மிகச் சிறியது. அதைவிட முக்கியம், அச்சு வார்த்து, இயந்திரம் வாங்கி, ஆட்களை அமர்த்திய பின் ஒரு நாள் வெளியாகும் பட்டியலில் தம் பொருளின் பெயரும் இருக்குமோ என்ற அச்சம் உள்ளூர் உற்பத்தியாளர்களை விட்டு அகலவில்லை.

அப்படியானால் இன்று எதை வாங்குவது

பழகுவதற்கு ஒரு .22 போல்ட் ரைபிள். பயன்படுத்திய கூயி கிடைத்தால் இருநூறு டொலருக்கு உள்ளேயே முடியும். ரவை மலிவு, உதைப்பு இல்லை. ஆனால் ஒன்ராறியோவில் .22 போன்ற விளிம்புப்பற்றல் ரவையால் (அடிப்பகுதியின் விளிம்பில் தட்டப்பட்டு வெடிப்பது) மானை வேட்டையாட முடியாது. முயல், காட்டுக்கோழிக்கு மட்டுமே உதவும். மான் வேட்டைக்கென்றால் சவேஜ் ஆக்சிஸ் அல்லது ரூகர் அமெரிக்கனை .308 அளவில் வாங்கினால், மூஸ் எனும் பெரிய மான் வரை அதுவே போதும், ரவையும் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். தென் ஒன்ராறியோவின் சில மாவட்டங்களில் ரைபிளின் அளவுக்கே தனிக் கட்டுப்பாடு உண்டு என்பதால், மாகாண வேட்டை விதித்தொகுப்பைப் படித்த பின்னரே கடைக்குச் செல்லுங்கள். வேட்டைக்கு மாகாணத்தின் அவுட்டோர்ஸ் கார்டு எனும் அட்டையும் வேட்டைப் பாடநெறியும் தனியாக வேண்டும். விரும்பிய வடிவம் சந்தையில் இல்லை என்பதற்காகக் குழலை வெட்டுவது, மகசினின் தடையை அகற்றுவது போன்ற வீட்டு வேலைகளில் ஒருபோதும் இறங்கக்கூடாது. அவை நேராகக் குற்றவியல் சட்டத்துக்குள் கொண்டுபோய்விடும்.

வீட்டில் ரைபிள் ரவை அகற்றப்பட்டு, பூட்டப்பட்டிருக்க வேண்டும். ரவை எளிதில் கைக்கு எட்டாத வேறிடத்திலோ பூட்டிய பெட்டியிலோ இருக்க வேண்டும். தனியாரிடமிருந்து வாங்கினாலும், 2022 மே முதல், விற்பவர் உங்கள் அனுமதிப்பத்திரத்தைத் துப்பாக்கிப் பதிவாளரிடம் சரிபார்த்து ஒரு குறிப்பெண் பெற்ற பின்னரே பொருளைக் கொடுக்கலாம். அதைத் தவிர்க்கச் சொல்பவரிடம் எதையும் வாங்காதீர்கள். வீடு மாறினால் 30 நாட்களுக்குள் புதிய முகவரியை ஆர்.சி.எம்.பி.க்கு அறிவிக்க வேண்டும். அந்த வீடு கியூபெக்கில் என்றால், மற்ற மாகாணங்களில் 2012இல் ஒழிக்கப்பட்ட நீள்துப்பாக்கிப் பதிவு அங்கே மாகாணச் சட்டப்படி இன்றும் நடைமுறையில் உள்ளது. ரைபிளை அங்கே தனியாகப் பதிந்துகொள்ள வேண்டும்.