சம்மர்ல ஸ்கேண்டிநேவியாவ ரயில்ல சுத்தணும், அதுவும் வீகனா? இப்படிப் பண்ணுங்க

முதல்லயே சொல்லிடுறேன், கோபன்ஹேகன், ஸ்டாக்ஹோம், ஓஸ்லோ மாதிரி ஊர்ல வீகனா, அதாவது பால், முட்டை, தேன்னு விலங்குல இருந்து வர்ற எதுவும் இல்லாம, சாப்பிடுறது சென்னைல சாப்பிடுறத விட ஈசி. நம்மூர்ல சைவம்னு கேட்டா தயிர், நெய், பன்னீர்னு எல்லாம் கூடவே வந்துடும், அங்க 'வேகான்ஸ்க்'னு ஒரு வார்த்தை சொன்னா டென்மார்க், ஸ்வீடன், நார்வே மூணு நாட்டுலயும் புரிஞ்சுக்குறாங்க, காபிக் கடைல ஓட்ஸ் பால் அனேகமா இருக்கும். கஷ்டம் எங்க வரும்னா ரயில்லயும் ரயில் கொண்டுபோய் விடுற குட்டி ஊர்லயும் தான். ஒரு நாள் பூரா வண்டில உக்காந்திருப்பீங்க, கேண்டீன்ல வீகன் ஐட்டம் ஒண்ணோ ரெண்டோ இருக்கும், அதுவும் மத்தியானத்துக்குள்ள தீர்ந்துடும், இறங்குற ஊர்ல கடை மூடியிருக்கும். அதனால ரூட் பிளான் பண்ணும்போதே எந்த ஸ்டேஷன்ல எத்தனை மணிக்கு சாமான் வாங்கப் போறோம்னு சேத்தே பிளான் பண்ணணும், அடுத்த 24 மணி நேரத்து சாப்பாடு எப்பவும் பையில இருக்கணும். மத்ததெல்லாம் இதுக்கு அப்புறம்தான்.

டிக்கெட் விஷயத்த சீக்கிரம் முடிச்சிடலாம். ஐரோப்பால குடியிருக்கறவங்களுக்கு இன்டர்ரெயில் பாஸ், இந்தியால இருந்தோ வேற எங்க இருந்தோ வர்றவங்களுக்கு யூரெயில் பாஸ், ரெண்டும் வேலை செய்யறது கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். பாஸ் கையில இருந்தா எந்த வண்டிலயும் ஏறிடலாம்னு நினைக்காதீங்க, ஸ்வீடன்ல எஸ்ஜேங்கிற ரயில் கம்பெனி ஓட்டுற வேக ரயிலுக்கும் நைட் ட்ரெயினுக்கும் ரிசர்வேஷனுக்குத் தனியா காசு கட்டணும், நார்வேல தூரமா போற வண்டிக்கும் சம்மர்ல சீட் போட்டு வச்சிடுறது நல்லது. நார்வேல எந்த கம்பெனி வண்டியா இருந்தாலும் என்டூர்ங்கிற ஒரே ஆப்ல டிக்கெட் எடுத்துக்கலாம். என்னைக் கேட்டா, நாலஞ்சு பெரிய பயணம் மட்டும் தான், தேதியும் மாறாதுன்னா ரெண்டு மூணு மாசம் முன்னாடியே தனித்தனியா சீப் டிக்கெட் எடுக்குறது தான் லாபம், இஷ்டத்துக்கு இறங்கி ஏறணும்னா பாஸ்.

இப்போ காலண்டர், இதுல தான் நிறைய பேரு மாட்டுறாங்க. ஸ்வீடன்ல மிட்சம்மர் ஈவ்னு ஒண்ணு இருக்கு, ஜூன் 19ல இருந்து 25க்குள்ள வர்ற வெள்ளிக்கிழமை, அன்னைக்கு ஊரே காலியாயிடும், கடை சீக்கிரம் மூடிடுவாங்க இல்லன்னா திறக்கவே மாட்டாங்க, ஹோட்டலும் அப்படித்தான். முந்தின நாளே ரெண்டு நாளைக்கு வாங்கி வச்சிடுங்க. அடுத்தது ஜூலை. அங்க ஜூலைல மக்கள் மொத்தமா லீவுல போயிடுவாங்க, சின்னச் சின்ன வீகன் ஹோட்டல் நடத்துறவங்களும் கதவுல ஒரு பேப்பர ஒட்டிட்டு கடல் பக்கம் போயிடுவாங்க, நீங்க ஆன்லைன்ல பாத்து வச்ச இடம் மூணு வாரம் மூடியிருக்கும். அந்த வாரம் திறந்திருக்கான்னு முன்னாடியே பாத்துக்கங்க. மூணாவது நார்வேல ஞாயித்துக்கிழமை. அங்க சட்டப்படியே ஞாயிறு பெரிய சூப்பர்மார்க்கெட் திறக்கக்கூடாது, நூறு சதுர மீட்டருக்குள்ள இருக்குற சின்னக் கடையும், டூரிஸ்ட் ஊர்னு அறிவிச்ச இடத்துல இருக்குற கடையும், ஸ்டேஷன் கடையும் தான் இருக்கும், விலையும் கூட. ஸ்வீடன்லயும் டென்மார்க்லயும் ஞாயிறு பிரச்சனை இல்ல.

கடைக்குள்ள போனா என்ன வாங்கறது? நார்வேல ரேமா 1000, கிவி, ஸ்வீடன்ல இகா, கோப், வில்லிஸ், டென்மார்க்ல நெட்டோ, இதெல்லாம் எங்க பாத்தாலும் இருக்கும். லேபிள் படிக்க மொழி தெரியணும்னு இல்ல. அலர்ஜி தர்ற பொருள தனியா தெரியற மாதிரி காட்டணும்னு ஐரோப்பா பூரா சட்டம் இருக்கு, நார்வேக்கும் அது உண்டு, அதனால பால், முட்டை, மீன், இறால் எல்லாம் பெரும்பாலும் தடிச்ச எழுத்துல தான் இருக்கும், அத மட்டும் ஓட்டமா பாத்தா போதும். பாலுக்கு மூணு மொழிலயும் இருக்குற வார்த்தை எம்-ல ஆரம்பிச்சு எல்.கே-ல முடியும், நடுவுல இருக்குற எழுத்து தான் மாறும். முட்டை இங்கிலீஷ் மாதிரியே இருக்கும், ஒரு எழுத்து முன்ன பின்ன. சீஸ் மூணு நாட்டுலயும் ஓ.எஸ்.டி, 'ஓஸ்ட்'. தேனும் ஜெலட்டினும் அலர்ஜி லிஸ்ட்ல வராது, அது சாதா எழுத்துல ஒளிஞ்சிருக்கும், மிட்டாய், கிரானோலா எடுக்கும்போது இத மறந்துடாதீங்க. கடைசி வரில தனியா பால்னு வந்தா அது ஒரே ஃபேக்டரில செய்யறதால ஒட்டியிருக்கலாம்ங்கிற எச்சரிக்கை தான், பால் ஊத்திச் செஞ்சதுன்னு அர்த்தம் இல்ல. நார்வேல தக்காளி சாஸ்ல போட்ட குட்டி டின் ஒண்ணு எல்லாக் கடைலயும் அடுக்கி வச்சிருப்பாங்க, உள்ள இருக்கறது கானாங்கெளுத்தி மீன், அவசரத்துல எடுத்துடாதீங்க.

நம்பி வாங்குறதுன்னு பாத்தா டென்மார்க்ல கறுப்பா கனமா இருக்குற ரை ரொட்டி, பெரும்பாலும் ரை, தண்ணி, உப்பு, விதை இவ்வளவு தான், ரெண்டு ஸ்லைஸ் தின்னா நாலு மணி நேரம் பசிக்காது. ஸ்வீடன்ல க்நெக்கெப்ரோட்னு மொறுமொறுப்பான காஞ்ச ரொட்டி, பையில எத்தனை நாள் கிடந்தாலும் ஒண்ணும் ஆகாது, சில ரகத்துல மட்டும் பால் சேப்பாங்க. நார்வேல லொம்பெ, உருளைக்கிழங்கு சேத்து மெல்லிசா தட்டின ரொட்டி, அதுல ஹம்முஸ், அதாவது கொண்டைக்கடலை விழுது, தடவி வெள்ளரிக்காய நறுக்கி வச்சு சுருட்டினா ரயில் சாப்பாடு ரெடி. இனிப்பு வேணும்னா ஸ்வீடன்ல போகென் கம்பெனியோட கிஃப்லார் பட்டை ரோல் பாக்கெட் இருக்கு, பேக்கரில விக்கிற பட்டை பன்ல வெண்ணெய் பால் எல்லாம் இருக்கும் ஆனா இந்த பாக்கெட்ல இருக்காது, இருந்தாலும் வாங்கும்போது லேபிள ஒரு தடவை பாத்துக்கங்க. நார்வேல மலையேறுறவங்க எல்லாரும் கையில வச்சிருக்குற குவிக் லுன்ஷ் சாக்லேட் பால் சாக்லேட், நமக்கு ஆகாது.

சம்மர்ங்கறதால இன்னொரு வசதி, பழம். ஜூன் கடைசில இருந்து சந்தைத் திடல்லயும் ஸ்டேஷன் வாசல்லயும் ஸ்ட்ராபெர்ரி டப்பா டப்பாவா விப்பாங்க, டென்மார்க்ல பச்சைப் பட்டாணிய தோலோட வாங்கி உரிச்சு உரிச்சு அப்படியே பச்சையா தின்னுவாங்க, ரயில்ல போகும்போது கைக்கு நல்ல வேலை. ஜூலை ஆகஸ்ட்ல ஸ்வீடன் நார்வே காட்டுல புளூபெர்ரி தரையோட தரையா கிடக்கும், அங்க யார் வேணா காட்டுக்குள்ள நடக்கலாம், பறிச்சுத் திங்கலாம், அது உரிமை, வீட்டுத் தோட்டத்துலயும் வயல்லயும் மட்டும் கை வைக்கக் கூடாது.

வீட்ல இருந்து எடுத்துட்டுப் போறத பத்தி ஒரு வார்த்தை. வண்டில சொந்த சாப்பாட்ட பிரிச்சு சாப்பிடுறத யாரும் ஒரு மாதிரி பாக்க மாட்டாங்க, நார்வேக்காரங்களே மாட்பாக்கெனு ரொட்டிக்கு நடுவுல பேப்பர் வச்சு மடிச்சு கொண்டுவருவாங்க, நம்ம கட்டுச்சோறு மாதிரியே தான், வாசனை மட்டும் கம்மி. மெல்லிசு அவல் அரை கிலோ, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஒரு வாய் அகலமான ஃபிளாஸ்க், இது நாலும் இருந்தா எந்த ஊர்லயும் பட்டினி கிடக்க மாட்டீங்க. ரயில் கஃபேல சுடுதண்ணி கேட்டு வாங்கி அவல்ல ஊத்தி பத்து நிமிஷம் மூடி வச்சா போதும். ஃபிரெஷ்ஷான கறிவேப்பிலை, மாங்கா எல்லாம் இந்தியால இருந்து தூக்கிட்டுப் போகாதீங்க, சர்டிஃபிகேட் இல்லாம உள்ள விட மாட்டாங்க. தண்ணி பாட்டில் வாங்கவே வாங்காதீங்க, குழாய்த் தண்ணி அவ்வளவு நல்லா இருக்கும்.

சரி ரூட்டு. கோபன்ஹேகன்ல ஆரம்பிக்கிறீங்கன்னு வச்சுக்குவோம். வட்டக் கோபுரத்துக்குப் பக்கத்துல டோப்னு ஒரு ஆர்கானிக் ஹாட்டாக் வண்டி நிக்கும், அங்க வீகன் சாசேஜ் உண்டு, டென்மார்க் வந்துட்டு ஹாட்டாக் சாப்பிடலயான்னு யாரும் கேக்க முடியாது. அங்க இருந்து ஓரெசுண்ட் பாலத்துல ஸ்வீடன்ல இருக்குற மால்மோவுக்கு 40 நிமிஷம் போல தான், 2000ல திறந்த பாலம், ரிசர்வேஷன் தேவையில்ல. பாஸ்போர்ட்ட மட்டும் கையில வச்சுக்கங்க. இதுல ஒரு டிப், மால்மோ சென்ட்ரல் வரைக்கும் போகாம அதுக்கு முன்னாடி ட்ரியாங்கெல்ன்ங்கிற சுரங்க ஸ்டேஷன்ல இறங்கிடுங்க, அங்க இருந்து கொஞ்ச தூரம் நடந்தா மொல்லெவோங் சதுக்கம். மால்மோ ஃபலாஃபலுக்கு, அதாவது கொண்டைக்கடலை வடைக்கு, பேர் போன ஊர், மத்திய கிழக்குல இருந்து வந்து குடியேறினவங்க கொண்டுவந்தது, இந்த ஏரியா பூரா கடை தான், ஸ்வீடன்ல இவ்வளவு கம்மி காசுல வயிறு நிறையறது இங்க மட்டும் தான். வெள்ளை சாஸ்ல தயிர் இருக்கும், அது வேணாம், காரமானது மட்டும் போதும்னு சொல்லிடுங்க. ரெண்டா வாங்கி ஒண்ண பையில போட்டுட்டு அடுத்த வண்டில ஸ்டாக்ஹோம் கிளம்பலாம், நாலரை மணி நேரம் கிட்ட ஆகும்.

ஸ்டாக்ஹோம்ல ஒரு வேளையாவது சோடெர்மால்ம் பக்கம் ஃப்யெல்கத்தான் தெருவுல இருக்குற ஹெர்மான்ஸ் பஃபேக்கு போங்க, கீழ தண்ணியும் கப்பலும் தெரியும், எவ்வளவு வேணா சாப்பிடலாம். எதுக்கு சொல்றேன்னா அடுத்து வர்றது பெரிய பயணம். ஸ்டாக்ஹோம்ல இருந்து வடக்கு நார்வேல இருக்குற நார்விக் போற நைட் ட்ரெயின் 18, 19 மணி நேரம் ஓடும், நடுவுல இறங்கி வாங்கிக்கலாம்னு கணக்குப் போடாதீங்க. வழில வர்ற கிருனாவ நம்பவே நம்பாதீங்க, அங்க சுரங்கத்துக்காக ஊரையே நகர்த்திட்டு இருக்காங்க, ஸ்டேஷன் 2013லயே ஊருக்கு வெளில போயிடுச்சு. ராத்திரி, காலைல, மத்தியானம் மூணு வேளைக்கும் ஸ்டாக்ஹோம்லயே வாங்கிடுங்க, ஸ்டேஷன சுத்தி கடை நிறைய இருக்கு. கண்ணுக்கு மறைப்புத் துணி ஒண்ணு கண்டிப்பா வேணும், ஜூன் ஜூலைல மேல போகப் போக இருட்டவே இருட்டாது, கிருனா தாண்டி வர்ற அபிஸ்கோல மே கடைசில இருந்து ஜூலை நடு வரைக்கும் சூரியன் மறையறதே இல்ல. கிருனா தாண்டினதும் வலது பக்கம் உக்காருங்க, தோர்னெத்ரெஸ்க் ஏரி அந்தப் பக்கம் தான், அப்புறம் நார்விக்குக்கு இறங்கும்போது ஃபியோர்டும், அதாவது மலைக்கு நடுவுல புகுந்து வர்ற கடலும், அதே பக்கம் தான். அபிஸ்கோல தங்குறதா இருந்தா சமையல் பண்ற வசதி இருக்குற ரூமா பாருங்க, கொசு மருந்து மறக்காதீங்க, அந்த ஊர் கொசு சும்மா விடாது.

நார்விக்ல ரயில் பாதை முடிஞ்சிடும். நார்வேயோட மத்த பாதையோட அதுக்கு இணைப்பே கிடையாது, அதனால ஃபவுஸ்கே இல்லன்னா பூடோ வரைக்கும் பஸ் தான், நடுவுல பஸ்ஸே ஃபெர்ரில ஏறி கடலத் தாண்டும், வழில கிடைக்கறது வாஃபிளும் சாசேஜும். நார்விக்ல ஒரு சூப்பர்மார்க்கெட்டுக்குப் போயிட்டு தான் பஸ் ஏறணும், சனிக்கிழமை அங்க போய்ச் சேர்ந்தீங்கன்னா ஞாயித்துக்கும் சேத்து அன்னைக்கே. பூடோல இருந்து ட்ரொண்ட்ஹெய்ம் 729 கிலோமீட்டர், பத்து மணி நேரம், சால்ட்ஃப்யெல் மலை மேல ஆர்க்டிக் வட்டத்த தாண்டும்போது வெளில கல்லு அடுக்கி அடையாளம் வச்சிருப்பாங்க, கேமராவ ரெடியா வச்சுக்கங்க. எனக்கு இந்த மொத்த ரூட்டுல பிடிச்சது இது தான், ஓஸ்லோ பெர்கன் பாதைக்கு கிடைக்கிற பேர்ல பாதி கூட இதுக்கு இல்ல.

ட்ரொண்ட்ஹெய்ம்ல இருந்து ஓஸ்லோ ஆறரை ஏழு மணி நேரம். இங்க ஒரு விஷயம், அங்க பாதை ரிப்பேர் வேலை எல்லாம் பெரும்பாலும் ஜூலைல தான் வச்சுக்குவாங்க, வெள்ளம் மண்சரிவும் உண்டு. 2023 ஆகஸ்ட்ல ஹான்ஸ் புயல் வெள்ளத்துல இந்தப் பாதைல இருந்த ராண்ட்க்ளைவ் பாலமே இடிஞ்சு விழுந்து 2024 மே வரைக்கும் அந்த இடத்துல ரயில் போகல. 'புஸ் ஃபோர் தோக்'னு போர்டுல வந்தா ரயிலுக்குப் பதிலா பஸ்னு அர்த்தம். பஸ்ல கேண்டீன் கிடையாது, நேரமும் இழுக்கும், கிளம்புற முந்தின நாள் ஆப்ல ஒரு தடவை பாத்துட்டு பையில சாப்பாட்ட கொஞ்சம் கூட போட்டுக்கங்க. ஓஸ்லோ வந்துட்டா கவலை இல்ல, ஸ்டேஷன்ல இருந்து நடக்குற தூரத்துல க்ரோன்லாண்ட் ஏரியால நம்ம பக்கத்து மளிகைக் கடைங்க இருக்கு, 80கள்ல இருந்தே இலங்கைத் தமிழர் நிறைய பேரு இருக்குற ஊரு, தீர்ந்து போன அவலும் பொடியும் இங்க நிரப்பிக்கலாம்.

கடைசியா ஓஸ்லோ பெர்கன், ஆறரை ஏழு மணி நேரம். நடுவுல ஃபின்செ, 1222 மீட்டர் உயரம், ஜூன்லயும் பனி கிடக்கும், அந்த ஊருக்கு கார் ரோடே கிடையாது, ரயில் மட்டும் தான். இறங்கி நடக்கணும்னு ஆசைப்பட்டா முழு நாள் சாப்பாட்டோட இறங்குங்க, தங்குற இடத்துல சாப்பிடுறதா இருந்தா வீகன்னு புக் பண்ணும்போதே எழுதிடுங்க, அங்க போய் சொன்னா சமையல்காரர் என்ன பண்ணுவாரு, அவருக்கும் சாமான் ரயில்ல தான் வரணும். மிர்டால்ங்கிற ஸ்டேஷன்ல மாறி ஃப்ளோம் போற குட்டி ரயிலுக்கு பாஸ் முழுசா செல்லாது, டிஸ்கவுண்ட் தான், 20 கிலோமீட்டர்ல 866 மீட்டர் இறங்கும், சம்மர்ல கூட்டம் அள்ளும், அதனால முன்னாடியே எடுங்க. பெர்கன்ல மீன் மார்க்கெட்னு எல்லாரும் இழுத்துட்டுப் போவாங்க, போங்க, தப்பில்ல, ஓரத்துல பழக்கடை போட்டிருப்பாங்க, ஜூலை கடைசின்னா ஹர்டாங்கர் செர்ரி வந்திருக்கும், கறுஞ்சிவப்பா இருக்குறத கேட்டு வாங்குங்க.