ஜாங்கோவில் வேறு ஆப்பின் பக்கம் வந்து நின்றபோது

கைக்கு வந்த ஒரு பழைய ஜாங்கோ (பைத்தானில் வலைத்தளம் கட்டும் ஃப்ரேம்வொர்க்) ப்ராஜெக்டில் விசித்திரமான கோளாறு. அதில் இன்வாய்ஸ், வாடிக்கையாளர் என்று இரண்டு ஆப்கள், அதாவது தனித்தனிப் பகுதிகள். இன்வாய்ஸ் பட்டியலைத் திறந்தால் 'வாடிக்கையாளர்கள்' என்று தலைப்பு, கீழே காலி அட்டவணை. பிழைச் செய்தியும் இல்லை. இல்லாத வேரியபிளை ஜாங்கோ டெம்ப்ளேட் (பக்கத்தின் ஹெச்டிஎம்எல் அச்சு) சத்தமில்லாமல் வெற்றாக விட்டுவிடும். பக்கத்துக்குத் தரவை அனுப்பும் வியூவில், டேட்டாபேஸிலிருந்து வந்த குவெரிசெட்டை பிரிண்ட் செய்து பார்த்தேன், தரவு சரியாகத்தான் இருந்தது.

அப்புறம் பிழை தேட உதவும் டீபக் டூல்பாரில் டெம்ப்ளேட்டின் முழுப் பாதையைப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. இரண்டு ஆப்களிலும் டெம்ப்ளேட்ஸ் ஃபோல்டருக்குள் நேராக 'லிஸ்ட்.ஹெச்டிஎம்எல்' கிடந்தது. ஜாங்கோ, செட்டிங்ஸில் உள்ள இன்ஸ்டால்டு ஆப்ஸ் பட்டியலின் வரிசைப்படி தேடி, முதலில் கிடைப்பதை எடுத்துக்கொள்ளும்; இங்கே அது வாடிக்கையாளர் ஆப்பின் கோப்பு. வரிசையை மாற்றினால் இன்வாய்ஸ் சரியாகும், வாடிக்கையாளர் பக்கம் கெடும். அது தீர்வே இல்லை.

ஒவ்வொரு ஆப்பின் டெம்ப்ளேட்ஸ் ஃபோல்டருக்குள்ளும் அந்த ஆப்பின் பெயரிலேயே இன்னொரு ஃபோல்டர் போட்டுக் கோப்புகளை நகர்த்தினேன். பார்க்க அசட்டுத்தனமாக இருக்கும், ஆனால் வேலை செய்யும். வியூக்களோடு, டெம்ப்ளேட்டுக்குள் வேறு டெம்ப்ளேட்டை அழைக்கும் எக்ஸ்டெண்ட்ஸ், இன்க்ளூட் வரிகளிலும் பாதையை மாற்ற வேண்டும். கோப்புகளுக்குள் சொல்லைத் தேடும் க்ரெப் கட்டளையைப் போட்டுத் தேடினால் பெரும்பாலும் எதுவும் விடுபடாது. பொதுவான பேஸ் டெம்ப்ளேட் மட்டும் ப்ராஜெக்டின் மேல்மட்ட ஃபோல்டருக்குப் போனது. கோப்புக்கு 'இன்வாய்ஸ்_லிஸ்ட்' என்று மாடல் (தரவு அட்டவணையைக் குறிக்கும் கிளாஸ்) பெயரையும் சேர்த்து வைத்தால், பட்டியல் காட்ட ஜாங்கோவே தரும் லிஸ்ட்வியூவில் டெம்ப்ளேட் பெயரை எழுதவே வேண்டாம்.