பாம்பனில் சோலார் போடுமுன்

மொட்டைமாடியில் சோலார் போட ஆள் வந்தால் விலையைத்தான் முதலில் கேட்கிறோம். நானும் அப்படித்தான்; மூன்றாம் வருஷம் போல்ட்டைத் தொட்டால் துருவாக உதிர்ந்தது.

முதலில் போனில் 'குளோபல் சோலார் அட்லஸ்' திறங்கள். உலக வங்கிக்காக ஸ்லோவாக்கியாவின் சோலார்கிஸ் நிறுவனம் செயற்கைக்கோள் தரவை வைத்துத் தயாரித்தது, காசு கிடையாது. உங்கள் வீட்டின் மேல் தொட்டால், ஒரு கிலோவாட்டுக்கு வருஷத்தில் எத்தனை யூனிட் என்று காட்டும். 365-ஆல் வகுத்தால் ஒரு நாள் கணக்கு வரும். விற்பவர் சொல்லும் கணக்கு அதைவிட எக்கச்சக்கமாக இருந்தால், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடலாம்.

அடுத்தது உப்பு. நம்ம ஊர் விவகாரமே இதுதான். ஜெனீவாவில் இருக்கிற சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம், ஐ.இ.சி. 61701 என்று ஒரு தரம் வைத்திருக்கிறது. உப்பு மூட்டத்தில் பேனலை வைத்துச் சோதிப்பார்கள். சான்றிதழில் அந்த எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். ஆனால் அது பேனலுக்குத்தான், அடியில் இருக்கும் இரும்புக்கு அல்ல. எனக்கு அடி விழுந்தது அங்கேதான். ஸ்டாண்ட், உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்ததாக இருக்கட்டும். போல்ட் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பில்லில் எழுதி வாங்குங்கள்.

பேனலின் சாய்வுக்கு மண்டை காய வேண்டாம். நாம் இருப்பது 9 டிகிரி சொச்சம் அட்சரேகையில். அதை ஒட்டியே, தெற்குப் பார்த்து 10 டிகிரி போதும்.

கழுவுவது விடியற்காலையில், நல்ல தண்ணீரில். ஆடிக் காற்றில் மணலும் உப்பும் சேர்ந்து அப்பும், அப்போது வாரம் ஒரு தடவை. போர் தண்ணீர் ஊற்றினால் காய்ந்ததும் வெள்ளையாகப் படியும். என் மச்சான் இன்னும் அதில்தான் கழுவுகிறார்.