கிளி ஏன் ஸ்டாண்டில் தங்குவதில்லை: வளர்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் என்று பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில் தமிழ் பேசும் ஊர்களில் கிளி வளர்ப்பவர்களைச் சந்திக்கும்போதெல்லாம் ஒரே குறையைத்தான் கேட்கிறேன். கூண்டைத் திறந்து, உட்காரக் கட்டை பொருத்திய ஸ்டாண்டில் வைத்தால் கிளி ஒரு நிமிடம்கூட இருப்பதில்லை. உடனே தோளுக்குப் பறந்து வருகிறது, அல்லது ஜன்னல் திரையில் போய்த் தொங்குகிறது, அல்லது தரையில் இறங்கி நடக்கிறது. அப்படிச் சொல்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, கிளி ஸ்டாண்டில் அமைதியாக உட்கார்ந்திருக்கும் அந்தச் சில நொடிகளில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதையே. பெரும்பாலானவர்கள் யோசித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் செய்யவில்லை என்கிறார்கள். கிளி பறந்துவிட்டால் மட்டும் வீட்டில் உள்ள அத்தனை பேரும் எழுந்து அதன் பின்னால் ஓடுகிறார்கள், பெயர் சொல்லி அழைக்கிறார்கள், கையில் ஏந்தித் தடவிக் கொடுக்கிறார்கள். கூட்டமாக வாழும் இனத்தில் பிறந்த பறவைக்கு இதைவிடப் பெரிய வெகுமதி கிடையாது. சும்மா இருந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, பறந்தால் வீடே திரும்பிப் பார்க்கிறது என்பதை அது இரண்டே நாளில் கற்றுக்கொள்கிறது. நாம் கற்பிக்காமலே கற்பித்துவிட்ட பாடம் இது.

மேலே போகுமுன், எந்தக் கிளியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். நம் தென்னையிலும் பனையிலும் பொந்து பிடித்து வாழும் பச்சைக்கிளியையோ, மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய நீலச் சிறகுக் கிளியையோ பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மலையாளத்தில் தத்த என்றாலும் தமிழில் தத்தை என்றாலும் சட்டம் ஒன்றுதான். இங்கே சொல்வதெல்லாம் கூண்டிலேயே பிறந்து வளர்ந்த காக்டெய்ல் (cockatiel) என்னும் கொண்டைக் கிளி, கொன்யூர் (conure) என்னும் தென் அமெரிக்கக் கிளி, நம் ஊர்க் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கப்படும் ஆஸ்திரேலியச் சிறு கிளிகள் ஆகியவற்றுக்கே பொருந்தும். சன் கொன்யூர், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி போன்றவற்றை வைத்திருப்பவர்கள், 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்.

எல்லாத் தவறுகளுக்கும் வேராக இருப்பது, ஸ்டாண்டில் இருத்தல் என்பதைப் பறக்காமல் இருத்தல் என்று நாம் புரிந்துகொள்வதுதான். பறக்காமை ஒரு செயல் அல்ல, அதனால் அதைக் கற்பிக்க முடியாது. கட்டையில் இரண்டு கால்களையும் ஊன்றி உடலைத் தளர்த்தி அமர்ந்திருப்பதோ ஒரு செயல், அதைக் கற்பிக்கலாம், அதற்குக் கூலியும் கொடுக்கலாம். முதல் நாளில் இரண்டு நொடி இருந்தால் போதும். அந்த இரண்டு நொடி முடியும்போது, கிளி இன்னும் கட்டையில் இருக்கும்போதே, ஒரு விதையை அதன் அலகுக்கு நேராக நீட்ட வேண்டும். பிறகு மூன்று நொடி, ஐந்து நொடி. இங்கே பலரும் ஆசைப்பட்டு, ஐந்து நொடி இருந்த கிளியிடம் அடுத்த முறையே ஒரு நிமிடத்தைக் கேட்கிறார்கள். அது பறந்துவிட்டால், கற்றதை மறந்துவிட்டது என்று சலித்துக்கொள்கிறார்கள். கிளி மறக்கவில்லை, கேட்டது அதிகம், அவ்வளவுதான். நேரத்தைப் படிப்படியாகக் கூட்டுவதிலும் ஓர் ஒழுங்கின்மை வேண்டும். நான்கு, ஏழு, மூன்று, ஒன்பது என்று மாற்றி மாற்றிக் கொடுத்தால், அடுத்த விதை எப்போது வரும் என்று கணிக்க முடியாமல் கிளி ஆவலுடன் காத்திருக்கும். ஏறிக்கொண்டே போனால், ஒவ்வொரு முறையும் கடினமாகிறது என்பதை அது கண்டுகொண்டு விலகும்.

நேரத்தையும் தூரத்தையும் ஒரே சமயத்தில் கூட்டுவது இதன் உடன்பிறந்த தவறு. பக்கத்தில் நின்றால் அரை நிமிடம் இருக்கும் கிளி, நீங்கள் நாலடி தள்ளிப் போனதும் பின்னாலேயே வருவது இயல்பு, ஏனெனில் அதற்கு அது புதிய பாடம். ஓர் அடி பின்வாங்கி உடனே திரும்பி வந்து விதையைக் கொடுங்கள். அப்போது காத்திருக்கும் நேரத்தை மறுபடியும் இரண்டு மூன்று நொடிக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விதையைத் தொலைவிலிருந்து காட்டி, கிளி அதை வாங்கப் பறந்து வந்தால், நீங்கள் கூலி கொடுத்தது வந்ததற்கே ஒழிய இருந்ததற்கு அல்ல. கூலி எப்போதும் கட்டைக்கு நடந்து போய்ச் சேர வேண்டும். என்னுடைய முதல் காக்டெய்லிடம் பல வாரங்கள் நான் செய்த பிழை இதுதான். அது என்னிடம் பறந்து வருவதில் மிகுந்த தேர்ச்சி பெற்றது, ஸ்டாண்டில் இருக்க மட்டும் கற்கவே இல்லை.

பறந்துவிட்ட கிளியை என்ன செய்வது என்பதில்தான் பொறுமை சோதிக்கப்படுகிறது. அதட்டுவது வீண். கிளிகள் ஒன்றையொன்று பார்த்துக் கத்துவதே அவற்றின் பேச்சாக இருக்கும்போது, நம் அதட்டலையும் ஒரு வகை உரையாடலாகவே அவை எடுத்துக்கொள்கின்றன. கொஞ்சுவதும் அதே அளவுக்குக் கெடுதல். முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் விரலை நீட்டி, ஏறியதும் ஸ்டாண்டுக்கே கொண்டுபோய் விட்டுவிட்டு, இரண்டு நொடி இருந்தால் அப்போது அன்போடு பெயர் சொல்லி அழையுங்கள். தொடர்ந்து இரண்டு முறை பறந்துவிட்டால் அன்றைய கணக்கைக் குறைத்துக்கொள்ள வேண்டியது நீங்கள்தான். இவ்வளவு நாள் பறந்தால் கிடைத்த கவனிப்பு திடீரென்று நின்றுபோகும்போது, முதல் சில நாட்கள் கிளி முன்னைவிட அதிகமாகப் பறக்கும், கத்தவும் செய்யும். பயிற்சி பலிக்கவில்லை என்று நினைத்துப் பலர் கைவிடுவது அந்த நாட்களில்தான். அப்போது மனம் இளகி ஒரே ஒரு முறை ஓடிப் போய்த் தூக்கிவிட்டால், இன்னும் உரக்கக் கத்தினால் காரியம் ஆகும் என்று நாமே சொல்லிக்கொடுத்ததாகிவிடும்.

எங்கள் எல்லைப்புற வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கல், சொல்லைப் பற்றியது. அம்முச்சி "இரு கண்ணு" என்பார்; மலையாளப் பள்ளியில் படிக்கும் பேத்தி "இரிக்கு" என்பாள்; அவள் அண்ணன் "ஸ்டே" என்பான். மூன்றும் ஒரே பொருள் என்பது நமக்குத் தெரியும், கிளிக்கு அவை மூன்று ஓசைகள். வீட்டில் எல்லாரும் கூடி ஒரு சொல்லை முடிவு செய்து, அதையே ஒரே குரலில் சொல்ல வேண்டும். இறங்கி வர அனுமதிக்கும் சொல்லும் அதே அளவுக்கு முக்கியம். "வா" என்பது இரண்டு மொழிகளிலும் ஒன்றாகவே இருப்பது இந்த ஊர்களுக்கு வாய்த்த வசதி. விடுவிக்கும் சொல்லே இல்லாத பயிற்சியில், எப்போது முடிந்தது என்பதைக் கிளியே முடிவு செய்யும், பறந்தும் போகும். விதை வாயில் போய்ச் சேர்வதற்குள் செயல் மாறிவிடக்கூடும் என்பதால், சரியான நொடியைக் குறிக்க ஒரு சிறு ஓசையை, நாக்கால் "டக்" என்று கொட்டுவதையோ அழுத்தினால் ஓசை எழுப்பும், கடையில் கிடைக்கும் கிளிக்கரையோ, பழக்கிக்கொள்வது நல்லது. அந்த ஓசை எழுந்தால் விதை வந்தே தீர வேண்டும், ஏமாற்றக் கூடாது.

கூலியாக என்ன கொடுப்பது? தினைக் கதிரைவிடக் காக்டெய்லுக்கும் சிறு கிளிகளுக்கும் பிடித்தது எதுவும் நான் கண்டதில்லை. தினைப்புனத்தில் பரண் மேல் இருந்து குறிஞ்சிப் பெண் தட்டை, குளிர் என்னும் ஓசைக் கருவிகளை ஒலித்துக் கிளியை ஓட்டியதாகச் சங்கப் பாடல்களில் படித்திருக்கிறோம்; எதைத் தேடி அவை அத்தனை பிடிவாதமாக வந்தன என்பதும் அதிலேயே இருக்கிறது. அட்டப்பாடி மலையூர்களில் தினை இன்றும் விளைகிறது. கதிராகக் கிடைத்தால் சிறு துண்டுகளாக ஒடித்து வைத்துக்கொள்ளலாம். கொன்யூருக்குப் பாதி சூரியகாந்தி விதை போதும். பச்சை மிளகாய் விதையும் கொடுக்கலாம், அதன் காரம் பறவைகளுக்கு உறைப்பதில்லை. தவறு எங்கே நேர்கிறதென்றால், அதே விதையைக் கூண்டுக் கிண்ணத்திலும் நாள் முழுவதும் நிரப்பி வைப்பதில்தான். வயிறு நிறையக் கிடைப்பதற்காக யாரும் வேலை செய்ய மாட்டார்கள். பயிற்சிக்கான தீனி பயிற்சியில் மட்டுமே கிடைக்க வேண்டும். காலை உணவுக்கு முன் மூன்று முதல் ஐந்து நிமிடம், மாலையில் அதேபோல இன்னொரு முறை. இதைக் கேட்டுவிட்டுக் கிளியைப் பட்டினி போடுபவர்களும் உண்டு, அது கொடுமை மட்டுமல்ல, ஆபத்தும்கூட. காக்டெய்லின் எடையே ஏறத்தாழ 80 முதல் 100 கிராம்தான்; சமையலறைத் தராசில் வாரம் ஒரு முறை நிறுத்துக் குறித்து வையுங்கள், பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். முறுக்கு, உப்பு போட்ட நேந்திரங்காய் வறுவல், சாக்லேட், காப்பி, அவகேடோ ஆகிய எதையும் கூலியாகக் கொடுக்கக் கூடாது. கடைசி மூன்றும் கிளிகளுக்கு நஞ்சு.

இத்தனையும் சரியாகச் செய்தும் கிளி தங்கவில்லை என்றால், கட்டையைப் பாருங்கள். கிளியின் காலில் இரண்டு விரல்கள் முன்னும் இரண்டு பின்னுமாக அமைந்திருப்பது கிளையைச் சுற்றிப் பற்றுவதற்கே. கட்டையின் சுற்றளவில் முக்கால் பங்கையாவது விரல்கள் வளைத்துப் பிடிக்க வேண்டும். நம் ஊரில் பலரும் செய்யும் பிவிசி குழாய் ஸ்டாண்டு வழுக்கும். வழுக்கும் இடத்தில் யாரும் நிம்மதியாக உட்கார முடியாது. உப்புத்தாள் சுற்றிய கட்டை உள்ளங்காலைத் தேய்த்துப் புண்ணாக்கும். ஒரே தடிமனாகக் கடைந்தெடுத்த உருளைக் கட்டையில் காலின் அதே இடம் நாள்தோறும் அழுந்துவதாலும் புண் வரும், அந்தப் புண் வீங்கிச் சீழ் பிடித்தால் குணமாக மாதக் கணக்கில் ஆகும். மருந்தடிக்காத கொய்யாக் கிளையை வெட்டி, கழுவி வெயிலில் காயவைத்துப் பொருத்துங்கள். கிளையின் தடிமன் இடத்துக்கு இடம் மாறுவதே அதன் சிறப்பு. அரளிக் கிளை கொடிய நஞ்சு, அதை வீட்டுக்குள்ளேயே கொண்டுவரக் கூடாது.

ஸ்டாண்டு நிற்கும் இடமும் கிளையைப் போலவே முக்கியம். கார்த்திகை பிறந்ததும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வீசும் வறண்ட காற்றை, மலையாளத்தில் விருச்சிகக் காற்று என்பதை, இங்குள்ளவர்கள் அறிவார்கள். திண்ணையிலோ ஜன்னலோரத்திலோ வைத்த இலேசான ஸ்டாண்டு அந்தக் காற்றில் ஓயாமல் அசையும். அசையும் கிளையிலிருந்து எழுந்து பறப்பது கிளியின் உயிரைக் காக்கும் இயல்பு, அதைப் பிடிவாதம் என்று சொல்வது அநியாயம். அடிப்பகுதிக்குக் கனமான கல்லோ இரும்புத் தட்டோ வைத்து, அறையின் உள்ளே, முதுகுப்புறம் சுவர் இருக்கும் மூலையில், நம் மார்பு உயரத்தில் நிறுத்த வேண்டும். பருந்துக்கு இரையாகும் இனம் அது, நாற்புறமும் திறந்த நடுக்கூடத்தில் அதன் மனம் அமைதி கொள்ளாது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது, கிளி வாயைத் திறந்து மூச்சு வாங்கிச் சிறகுகளை உடலிலிருந்து விலக்கி வைத்திருந்தால் அன்று பயிற்சியே வேண்டாம், நிழலும் தண்ணீரும் போதும். கூண்டைத் திறக்குமுன் மின்விசிறியை நிறுத்துவதும், கிளி இருக்கும் வீட்டில் நான்-ஸ்டிக் பாத்திரத்தை வெறுமனே அடுப்பில் காயவிடாதிருப்பதும் கட்டாயம். சூடேறிய பூச்சிலிருந்து எழும் புகை சில நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும்.

சிறகை வெட்டிவிட்டால் தானாக இருந்துவிடும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. வெட்டிய சிறகோடு பறக்க முயன்று தரையில் மோதி நெஞ்செலும்பில் அடிபட்டுக்கொள்ளும் கிளிகள் உண்டு. காலில் சங்கிலி போட்டால், ஏதோ ஓர் ஓசைக்குத் திடுக்கிட்டு எழும் ஒரே நொடியில் கால் முறியக்கூடும். இரண்டிலும் கிளி இருக்கக் கற்பதில்லை, போக முடியாமல் கிடக்கிறது. வெட்டிய சிறகு வளர்ந்துவிட்டால் சிக்கல் அப்படியே திரும்பி வரும், கூடவே நம் கையைப் பற்றிய பயமும் சேர்ந்துகொள்ளும்.

மாறாக, ஸ்டாண்டில் அதற்குச் செய்ய ஏதாவது இருக்கட்டும். காட்டுக் கிளிகள் பகலின் பெரும்பகுதியை இரை தேடுவதிலேயே கழிப்பவை. வெறுங்கட்டையில் அரை மணி நேரம் சும்மா இரு என்பது அவற்றின் இயல்புக்கே மாறானது. பச்சைப் பனையோலையைச் சின்னப் பொட்டலமாக முடைந்து உள்ளே நாலு தினையை ஒளித்துக் கட்டித் தொங்கவிட்டால், என் காக்டெய்ல் அதைப் பிரித்து முடிக்க இருபது நிமிடம் எடுத்துக்கொள்கிறது. முதலில் சில நொடிகளின் பழக்கம் உறுதியாகட்டும், அதன்பின் இப்படி விளையாட்டுகளைச் சேர்க்கலாம்.

முடிக்கும் நேரத்தைக் கிளியின் உடலே சொல்லும். இறகுகள் தளர்ந்து, ஒரு கால் உள்ளே மடிந்து, அலகை மெல்ல அரைக்கும் ஓசை கேட்டால் அது நிம்மதியாக இருக்கிறது, தொந்தரவு செய்யாமல் விடுங்கள். இறகுகள் உடலோடு ஒட்டி, கழுத்து நீண்டு, உடல் முன்னோக்கித் தாழ்ந்தால் அடுத்த நொடி பறக்கப் போகிறது; எச்சமிடுவதும் பல சமயம் அதற்கு முன்தான். அதைக் கண்டால் பறக்கும் வரை காத்திருக்காமல், அதற்கு முன்பே விரலை நீட்டி "வா" என்று சொல்லிவிடுங்கள்.