உங்கள் டிவிஷனின் வரலாற்றை எழுதுவது எப்படி

இலங்கை மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் வரலாற்றைத் தேடினால் ஏதாவது அகப்படும். எத்தனை ஏக்கர், யாருக்குச் சொந்தம், யார் துரை (தோட்ட நிர்வாகி) என்பதெல்லாம் தோட்ட விவரங்களை அச்சிட்ட பழைய பெர்குசன் டிரெக்டரியில் இருக்கிறது. ஆனால் மேல்டிவிஷன், பணிய (கீழ்) டிவிஷன் என்று தோட்டத்தின் ஒரு பிரிவாக இருக்கிற, நாம் பிறந்து வளர்ந்த இடத்துக்கு அப்படி ஒரு புத்தகமும் கிடையாது. அது நகரமும் இல்லை, கிராமம் என்ற கணக்கிலும் சேராது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபை (உள்ளூராட்சி சபை) சட்டத்தில் இருந்த 33ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணத்தைச் செலவழிக்கவே முட்டுக்கட்டையாக இருந்து, 2018இல்தான் திருத்தப்பட்டது. இந்த லட்சணத்தில் சபையில் போய்ப் பழைய ஃபைல் கேட்பது வீண் அலைச்சல். நம் வரிசை வீடுகளான லயத்திலிருந்து தொடங்குங்கள்.

முதலில் ஒரு பெரிய தாளில் எல்லா லயங்களையும் வரைந்து, ஒவ்வொரு குடும்பமும் இருக்கிற காம்பராக்களுக்கு (அறைகளுக்கு) நம்பர் போடுங்கள். இடிந்துபோனது, மண் சரிந்து மூடியது எல்லாம் வர வேண்டும். பீலி (தண்ணீர் பிடிக்கிற இடம்), பிரட்டுக்களம் (காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற இடம்), பிள்ளைக்காம்பரா (பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற இடம்), கொழுந்து மடுவம் (கொழுந்து நிறுக்கிற கொட்டகை), கோயில், மயானம் ஆகியவற்றையும் குறியுங்கள். படம் கோணலாக இருந்தால் பரவாயில்லை.

அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வயதான ஓர் அப்பாயியிடம் போங்கள். போனதும் "அந்தக் காலத்தப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்டால், "என்னத்தச் சொல்ல, கஷ்டந்தான் பட்டோம் தம்பி" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "பணிய லயத்துல நாலாங் காம்பராவுல யாரு அப்பாயி இருந்தா?" என்று கேட்டுப் பாருங்கள். தாளில் விரலை வைத்து, அங்கே யார் இருந்தது, அந்த வீட்டுப் பெண்ணை எந்தத் தோட்டத்துக்குக் கட்டிக்கொடுத்தது, அந்தக் குடும்பம் இந்தியாவுக்குக் கப்பல் ஏறிய பிறகு யார் வந்து குடியேறியது என்று ஒவ்வொரு காம்பராவாக நகர்ந்துகொண்டே போவார், நிறுத்துவதுதான் கஷ்டம். போனில் பதிவு செய்வதாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மழை நேரம் வேண்டாம், தகரக் கூரைச் சத்தத்தில் ஒரு வார்த்தையும் விளங்காது.

வருடம் கேட்டு நச்சரிக்காதீர்கள். நம் ஆட்கள் நடந்ததை வைத்துத்தான் காலம் சொல்வார்கள், அதை வருடமாக மாற்றுவது உங்கள் வேலை. "பிரஜாவுரிமை போன காலம்" என்றால் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம். "சிறிமா–சாஸ்திரி" என்றால் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட 1964 ஒக்டோபர். நம் ஆட்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேருடைய கதையைப் பிறகு பார்க்கலாம் என்று எழுதிக்கொண்ட ஒப்பந்தம். அந்த மிச்சப் பேரை இரண்டு நாடும் ஆளுக்குப் பாதியாகப் பங்கு பிரித்தது 1974இல். பஞ்ச காலம் என்பது பெரும்பாலும் 1973–74. கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது 1975, திரும்பவும் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போனது 1992. "கலவரம்" என்று தமிழர் தாக்கப்பட்டதைச் சொன்னால் மட்டும் 1977ஆ, 1983ஆ என்று ஒரு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

அப்புறம் கோயில். மணி, குத்துவிளக்கு, வாசல்படி என்று எதிலெல்லாம் உபயம் எழுதியிருக்கிறதோ அதெல்லாம் ஆவணம்தான். பெரிய கங்காணி (தொழிலாளர் கூட்டத்தின் தலைவர்) பெயரோடு ஊர்ப் பெயரும் இருந்தால், இந்தியாவில் எந்தப் பக்கத்திலிருந்து ஆள் திரட்டி வந்தார் என்பதற்கு ஒரு நூல் கிடைத்தது என்று வையுங்கள். மணியில் எழுத்து எண்ணெயும் திருநீறும் ஏறி மழுங்கியிருக்கும். புளி போட்டுத் தேய்க்கப் போகாதீர்கள், இருக்கிற எழுத்தும் போய்விடும். விளக்கை அணைத்துவிட்டு, போன் டோர்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும், அந்த நிலையில் படம் எடுங்கள்.

மலைகளின், அதாவது கொழுந்து எடுக்கிற தேயிலைப் பகுதிகளின், பெயர்களையும் விடாதீர்கள். கொழுந்து எடுக்கிற அக்காமாரிடம் கேட்டால் ஆபீஸ் மெப்பில் வெறும் நம்பராக இருக்கிற ஒவ்வொரு மலைக்கும் ஒரு பெயர் சொல்வார்கள். கோப்பியோ கொய்னாவோ (சின்கோனா மரம்) அந்தப் பெயரில் ஒட்டிக்கொண்டிருந்தால், தேயிலைக்கு முன் அங்கே என்ன நின்றது என்று விசாரிக்க இடம் கிடைக்கும். எல்லாத் தோட்டத்து வரலாறும் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை போட்டார் என்று தொடங்குவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். அது லூல்கந்துரவின் கதை, உங்கள் டிவிஷனுடையது வேறு.

காகிதம் தேடும்போது தோட்டத்தின் இங்கிலீஷ் பெயர், சிங்களப் பெயர், நம் ஆட்கள் கூப்பிடும் பெயர் மூன்றையும் எழுதிவைத்துக்கொண்டு தேடுங்கள். கொழும்பு 7இல் தேசிய சுவடிகள் காப்பகம் இருக்கிறது. தோட்ட ஆபீஸில் பழைய செக்ரோல் (ஆள் பேர், சம்பளப் பதிவேடு) காட்டுவார்களா என்பது மனேஜரைப் பொறுத்தது. அதைவிட நல்ல புதையல் இந்தியாவில் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் போன சொந்தக்காரர்களிடம் இருக்கலாம். ஒரு வாட்ஸ்அப் கோல் போட்டு, போகும்போது கொண்டுபோன பாஸ்போர்ட், குடும்பப் போட்டோ, கடிதம் எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

சாதியைப் பற்றி ஒரு வார்த்தை. எந்த லயத்தில் யாரை வைத்தார்கள், யார் தப்பு (பறை) அடித்தார்கள் என்பது வரலாறுதான், மறைக்கவும் கூடாது. ஆனால் இன்று உயிரோடிருக்கிறவர்களின் பெயரோடு சேர்த்து அச்சில் போடாதீர்கள், நாளைக்கு ஒரு பிள்ளையின் கல்யாணப் பேச்சில் அது வந்து நிற்கும்.

எழுதி முடித்ததும் அச்சுக்குக் கொடுக்க அவசரப்படாமல் கோயில் முற்றத்தில் வாசித்துக் காட்டுங்கள். நிச்சயம் சண்டை வரும். முதல் கோயிலைக் கட்டியது எங்கள் தாத்தா என்று இரண்டு குடும்பம் எழும்பினால், இரண்டு பேர் சொன்னதையும், சொன்னவர் யார் என்பதோடு எழுதிவிடுங்கள். பிறகு தோட்டத்துப் பாடசாலைக்கு ஒரு பிரதி, கோயிலுக்கு ஒன்று, கம்பளை பழைய பீக்கொக் தோட்டத்தில் இருக்கிற தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்துக்கு ஒன்று. லய வரைபடத்தையும் கூடவே வையுங்கள், காம்பரா நம்பரோடு.