குழந்தைகளின் நுரையீரல் அறுவைக்குப் பின் நிற்காத காற்றுக் கசிவு: பிராங்கோஸ்கோப் வழியே அடைக்கும் முறை

லோபெக்டமியோ (நுரையீரலின் ஒரு மடலை அகற்றுவது) டெகார்டிகேஷனோ (நுரையீரலை மூடிய தடித்த படலத்தை உரிப்பது), அறுவைக்குப் பின் முதல் சில நாட்கள் ஐசிடி (நெஞ்சிலிருந்து காற்றையும் நீரையும் வடிக்கும் டியூப்) பாட்டிலில் குமிழ் வருவது வழக்கம்தான். பெரும்பாலும் தானே நின்றுவிடும். 5 முதல் 7 நாள் தாண்டியும் நிற்காவிட்டால் பிராங்கோஸ்கோப்பை (மூச்சுக்குழலுக்குள் விடும் கேமரா குழாய்) யோசிக்கலாம்; அதன் வழியே கசியும் கிளைக்குழலை க்ளூ எனும் மருத்துவப் பசையால் அடைப்பதே இந்த முறை. அதற்கு முன், கசிவது நுரையீரல்தானா என்று பாருங்கள். நெஞ்சருகே டியூபை ஓரிரு நொடி மட்டும் அழுத்திப் பிடித்தால் குமிழ் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் இணைப்பிலோ பாட்டிலிலோ கோளாறு. நின்றாலும் டிரஸ்ஸிங்கைப் பிரித்துப் பாருங்கள்: டியூபின் கடைசித் துளை தோலுக்கு வெளியே வந்திருந்தால் வெளிக்காற்றுதான் குமிழாக வருகிறது. வென்டிலேட்டரில் உள்ள குழந்தைக்குப் பீப்பையும் (மூச்சு வெளிவிட்ட பின்னும் நுரையீரலில் நிற்கும் அழுத்தம்) உச்ச அழுத்தத்தையும், ஐசிடிக்குச் சக்‌ஷனையும் குறைத்தாலே சில கசிவுகள் அடங்கிவிடும்.

அறுவை முடிந்த சில நாட்களுக்குள் பிராங்கஸ் ஸ்டம்ப் (வெட்டித் தைத்த மூச்சுக்கிளைக் குழலின் முனை) பிரிந்து பெரிய ஓட்டை விழுந்திருந்தால் க்ளூவை நம்பி நாள் கடத்தாதீர்கள். அது மறு அறுவைக்கான கேஸ். க்ளூ பிடிப்பது சில மில்லிமீட்டருக்குள் உள்ள ஓட்டையிலும், நுரையீரலின் ஓரத்துக் கசிவிலும்தான்.

சிறு குழந்தைகளுக்குப் பயன்படும் 2.8 மிமீ ஸ்கோப்பில் வேலைக்கான சானல் 1.2 மிமீ மட்டுமே. 3 ஃபிரெஞ்ச் (சுமார் 1 மிமீ தடிமன்) ஃபோகார்ட்டி பலூன், அதாவது நுனியில் ஊதும் பலூன் உள்ள மெல்லிய கதீட்டர், அதில் இறுக்கமாகப் போகும். ஆனால் பலூனும் க்ளூ கதீட்டரும் ஒரே நேரத்தில் போகாது. ஸ்கோப்பை எல்எம்ஏ (தொண்டையில் குரல்வளைக்கு மேல் பொருத்தும் மூச்சு மாஸ்க்) வழியே விட்டால் மூச்சுக்கு இடம் கிடைக்கும். மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின் ஸ்ப்ரே செய்த ஒவ்வொரு முறையும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். மொத்தம் கிலோவுக்கு 4 மில்லிகிராமுக்குள் நிறுத்துவது நல்லது.

கசியும் இடத்தைக் கண்டுபிடிப்பதே இதில் பாதி வேலை. சளியை முழுக்க உறிஞ்சிவிட்டு, பலூனை முதலில் லோபார் பிராங்கஸில் (ஒரு மடலுக்குப் போகும் கிளைக்குழல்) வைத்து ஊதுங்கள். 3 ஃபிரெஞ்ச் பலூனின் உச்சக் கொள்ளளவு 0.2 மிலி; அதை மீறினால் பிராங்கஸ் கிழியலாம். ஒருவர் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். லோபுக்குள் தேங்கிய காற்று வடிய நேரமாகும் என்பதால் ஒன்றிரண்டு நிமிடம் பொறுங்கள். மயக்க மருத்துவர் இந்த நேரம் முழுக்க ஒரே அழுத்தத்தில் மூச்சுக் கொடுக்க வேண்டும். அழுத்தம் குறைந்து குமிழ் நின்றால் தவறான செக்மென்ட்டை (மடலின் உட்பிரிவு) அடைத்துவிடுவோம். லோபார் அளவில் நின்றால் செக்மென்ட் செக்மென்ட்டாக இறங்குங்கள். குமிழ் குறைந்து முழுதும் நிற்காவிட்டால், இரண்டு செக்மென்ட்டுகள் கசிகின்றன என்று சந்தேகப்படுங்கள். எங்கு வைத்தும் மாறவில்லையா? க்ளூவைத் தொடாதீர்கள்.

இடம் உறுதியானதும் பலூனை எடுத்துவிட்டு 20 கேஜ் எபிடியூரல் கதீட்டரை விடுங்கள். நுனி மூடி, பக்கத் துளைகள் கொண்ட வகையாக இருந்தால் துளைகளுக்கு மேலே வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் க்ளூ பக்கவாட்டில் சிதறும். கதீட்டருக்குள் எவ்வளவு தங்கும் என்று முன்பே சலைனால் (உப்பு நீர்) அளந்து வையுங்கள். ஃபைப்ரின் க்ளூவில் (ரத்தம் உறையும் இரு புரதங்கள் சேர்ந்து இறுகும் பசை) முதலில் ஃபைப்ரினோஜன் 0.5 முதல் 1 மிலி, பிறகு சிறிது காற்றால் தள்ளி, அதே அளவு த்ராம்பின். இடையில் காற்றால் தள்ளாவிட்டால் கதீட்டருக்குள்ளேயே உறைந்துவிடும். பிறகு சில நிமிடம் சக்‌ஷன் பட்டனில் விரல் படவே கூடாது.

இன்னொரு பசையான சயனோஅக்ரிலேட் மலிவு, பிடிப்பும் வலுவானது. ஆனால் ஈரம் பட்ட கணமே இறுகும். ஸ்கோப் சானலுக்குள் இறுகினால் ஸ்கோப் போச்சு. அதனால் கதீட்டரைச் சலைனால் அல்ல, 5% டெக்ஸ்ட்ரோஸால் அலசி, நுனி ஸ்கோப்பிலிருந்து 1 செமீயாவது வெளியே நீளும்படி வைத்துச் செலுத்துங்கள். செலுத்தியதும் கதீட்டரைச் சானல் வழியே இழுக்காமல் ஸ்கோப்போடு சேர்த்தே வெளியே எடுங்கள்.

எண்டோபிராங்கியல் வால்வு (கிளைக்குழலில் பொருத்தும், காற்றை உள்ளே விடாத ஒருவழி அடைப்பான்) பெரிய குழந்தைகளுக்கே சாத்தியம். அதன் கதீட்டருக்கு இன்னும் பெரிய சானல் வேண்டும். அந்த ஸ்கோப் சின்ன மூச்சுக்குழலில் இறங்காது. வைத்தால், சுமார் 6 வாரத்தில் எடுத்துவிட வேண்டும்.

செய்து முடித்ததும் ஐசிடியை ஒருபோதும் கிளாம்ப் செய்யாதீர்கள். கசிவு மிச்சமிருந்தால் டென்ஷன் நிமோதோராக்ஸ் (நெஞ்சில் காற்று அடைபட்டு நுரையீரலையும் இதயத்தையும் அழுத்தும் அபாயம்) ஆகிவிடும். திடீரென சாச்சுரேஷன் (ரத்த ஆக்சிஜன் அளவு) விழுந்தால், க்ளூத் துண்டு பெயர்ந்து எதிர்ப்பக்க பிராங்கஸை அடைத்திருக்கலாம். உடனே ஸ்கோப்பை விட்டுப் பாருங்கள். காய்ச்சல் வந்தால் அடைத்த பகுதிக்குப் பின்னால் சளி தேங்கியிருக்கலாம். க்ளூ இருமலில் வெளியேறி மறுபடி குமிழ் வருவதும் உண்டு. சில நாள் கழித்து இன்னொரு முறை முயலலாம். குழந்தை அழும்போதும் இருமும்போதும்கூட 24 மணி நேரம் குமிழ் இல்லை, எக்ஸ்ரேயில் நுரையீரல் விரிந்திருக்கிறது என்றால் டியூபை எடுக்கலாம்.